கல்லை உடைத்து மண் செய்தவர்கள்

போர்ட்டோ நகரில் நின்று டோரு நதியின் எதிர்க்கரையைப் பார்த்தால், சரிவில் இறங்கும் ஓட்டுக்கூரைகளின்மேல் பெரிய வெள்ளை எழுத்துகளில் பெயர்கள் தெரியும். சாண்டிமன், டெய்லர், கிரஹாம், காக்பர்ன். இடையே ஃபெரைரா, காலெம் என்று சில போர்ச்சுக்கீசியப் பெயர்கள். அந்தக் கரைக்கு வில நோவா டி காயா என்று பெயர்; எல்லோரும் காயா என்கிறார்கள். கூரைகளுக்கு அடியில் வெளிச்சம் குறைந்த, குளிர்ந்த கிடங்குகளில் போர்ட் ஒயின் பீப்பாய் பீப்பாயாக வருடக்கணக்கில் கிடந்து முதிர்கிறது. உலகமெங்கும் கடைகளில் நிற்கும் போர்ட் புட்டிகளிலும் பெரும்பாலும் இதே பெயர்கள்தான் ஒட்டியிருக்கும்.

ஆனால் இந்த ஒயினுக்கான திராட்சை காயாவில் விளைவதில்லை. கொடிகள் இருப்பது நதியோடு கிழக்கே எண்பது, நூறு கிலோமீட்டர் மேலே, மலைகளுக்கு அப்பால். அங்கே வேலை செய்தவர்கள் எவருடைய பெயரும் எந்தக் கூரையிலும் இல்லை. நான் பார்க்கப் போனது அவர்கள் செய்துவைத்ததைத்தான்.

ஒயின் விளையும் ஊர்களைப் பற்றி எழுதுபவர்கள் இயற்கை கொடுத்த வரத்தைத்தான் முதலில் சொல்வார்கள். அதில் தவறில்லை. பூமத்திய ரேகைக்கு வடக்கிலும் தெற்கிலும் ஏறத்தாழ 30 பாகையிலிருந்து 50 பாகை வரையுள்ள இரண்டு பட்டைகளுக்குள் உலகத்தின் பேர்பெற்ற ஒயின் பகுதிகள் அநேகமாக அடங்கிவிடுகின்றன. கடும் கோடையும் வேண்டும், கொடி உறங்குவதற்குக் குளிர்காலமும் வேண்டும் என்பதால் அப்படி. பிரான்சின் போர்தோவில் நதி கொண்டுவந்து குவித்த சரளை, மழைநீரை வேரடியில் தங்கவிடாமல் வடித்துவிடுகிறது. பர்கண்டியில் கிழக்கு பார்த்த சுண்ணாம்புச் சரிவு. சிஸ்டர்சியன் துறவிகள் நூற்றாண்டுக் கணக்கில் அதைத் துண்டு துண்டாக ஆராய்ந்து, எந்தத் துண்டில் எந்தச் சுவை வரும் என்று கண்டுவைத்தார்கள். ஜெர்மனியின் மோசல் பள்ளத்தாக்கில் கறுத்த சிலேட்டுக் கல் பகலில் வாங்கிய வெயிலை இரவில் கொடிக்குத் திருப்பித் தருகிறது. அர்ஜென்டினாவின் மெண்டோசா பாலைவனம்தான். ஆனால் ஆண்டிஸ் மலைப் பனி உருகி வாய்க்காலில் வந்துவிடும். கிரேக்கத்தின் சாண்டோரினித் தீவில் மழையே அரிது. கொடியைத் தரையோடு கூடைபோலச் சுருட்டி வளர்த்து, கடற்காற்றின் ஈரத்தைக்கொண்டே காய்க்க வைக்கிறார்கள்.

டோருவில் கொடி நடுவதற்கு மண்ணே கிடையாது. பாறை இருந்தது. அதை உடைத்து மனிதர்கள் மண் செய்தார்கள். உலகத்தின் ஒயின் நாடுகளில் ஒன்றை மட்டும் பார்க்கலாம் என்றால் இதைத்தான் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் அதுதான்.

போர்ட்டோவின் சாவ் பெந்து ரயில் நிலையத்தில் எங்கும் நீல வெள்ளை ஓடுகள். ஜார்ஜ் கொலாசோ என்ற ஓவியர் சுமார் இருபதாயிரம் ஓடுகளில் போர்ச்சுக்கலின் வரலாற்றை அங்கே தீட்டிவைத்திருக்கிறார். அதைப் பார்க்கவே பயணிகள் குவிகிறார்கள். கிழக்கே போகும் ரயிலில் வலதுபக்க ஜன்னலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். முதல் ஒரு மணி நேரத்தில் ஒன்றுமில்லை. புறநகர்க் குடியிருப்புகள், யூகலிப்டஸ் மரங்கள். பிறகு பாலா என்ற சிறு நிலையத்தருகே தடம் நதிக்கு இறங்குகிறது. அங்கிருந்து தண்ணீரை விட்டு விலகுவதே இல்லை.

நதி வந்ததும் பச்சை மாறுகிறது. அட்லாண்டிக் கடலிலிருந்து வரும் மழைமேகங்களை மராவ் மலைத்தொடர் தடுத்துவிடுகிறது. மலைக்கு மேற்கே எப்போதும் ஈரம்; கிழக்கே போகப் போக மழை குறைந்துகொண்டே வரும். பள்ளத்தாக்கின் மேற்குப் பகுதியில் வருடத்துக்கு 900 மில்லிமீட்டர் அளவுக்குப் பெய்யும் மழை, ஸ்பெயின் எல்லையை நெருங்கும்போது அதில் பாதிகூட இருக்காது. கோடையில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். ஒன்பது மாதம் குளிர்காலம், மூன்று மாதம் நரகம் என்பது இந்த ஊர்க்காரர்களின் சொலவடை. நான் போனது செப்டம்பரில், திராட்சை பறிக்கும் பருவத்தில். நரகம் இன்னும் முடிந்திருக்கவில்லை.

ரேகுவா ஊரைத் தாண்டியதும் மலைகளில் கோடுகள் தொடங்கின. நதி மட்டத்திலிருந்து உச்சி வரை, ஒன்றன்மேல் ஒன்றாக, மலை வளையும்போது தாமும் வளைந்து, பள்ளத்தில் உள்ளே போய் மீண்டும் வெளியே வந்து, கல் சுவர்கள். ஒவ்வொரு சுவரின் பின்னாலும் ஒரு குறுகிய படித்தட்டு. அதில் ஒன்றிரண்டு வரிசைக் கொடிகள். ஒரு மலையில் எத்தனை தட்டு என்று எண்ணத் தொடங்கிக் கைவிட்டேன். அடுத்த மலையும் அப்படியே. அதற்கடுத்ததும்.

இந்தப் பாறைக்கு ஷிஸ்ட் என்று பெயர். பலகை பலகையாக உரியும் பாறை. டோருவில் அந்தப் பலகைகள் பல இடங்களில் செங்குத்தாக நிற்கின்றன. அதுதான் இங்கே விவசாயத்துக்குக் கிடைத்த ஒரே சலுகை. இடுக்குகளில் மழைநீர் இறங்கித் தங்கும். வேர் அதைத் தேடிப் பல மீட்டர் ஆழத்துக்குப் போகும். ஆனால் கொடியை நடுவதற்கே முதலில் இடம் வேண்டும். கடப்பாரையாலும் சம்மட்டியாலும், பின்னாளில் வெடிமருந்தாலும் பாறையை உடைத்தார்கள். பெரிய துண்டுகளைச் சாந்தில்லாமல் அடுக்கிச் சுவர் எழுப்பினார்கள். சில்லுகளைச் சுவருக்குப் பின்னால் நிரப்பினார்கள். அந்தச் சில்லும் தூளும்தான் தோட்டத்து மண். மண்ணியல் அறிஞர்கள் இதை மனிதன் உண்டாக்கிய மண் என்றே வகைப்படுத்துகிறார்கள்.

சாந்து பூசாததற்குக் காரணம் உண்டு. சுவர் தண்ணீரை மறிக்கக் கூடாது. குளிர்கால மழையில் மேலேயிருந்து இறங்கும் வெள்ளம் கல் இடுக்குகள் வழியாகக் கசிந்து வெளியேற வேண்டும்; இல்லையென்றால் ஒரே இரவில் தட்டு முழுவதும் சரிந்துவிடும். மிகப் பழைய சுவர்களில் இடுப்பளவு உயரத்தில் வரிசையாகப் பொந்துகள் இருக்கும். கொடியைத் தட்டில் நடாமல் அந்தப் பொந்துக்குள் நட்டிருக்கிறார்கள். கொடி சுவரிலிருந்து வெளியே வளரும். தட்டு தானியத்துக்கு மிஞ்சும். சோற்றுக்கும் வழி வேண்டுமே. அந்தப் பொந்துகளைப் பார்த்தபோதுதான் இங்கே ஒவ்வொரு சாண் நிலமும் என்ன விலைக்கு வந்தது என்று புரிந்தது.

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைப் பந்தலுக்கு அடியில் நடந்திருக்கிறேன். தலைக்கு மேல் இலைக்கூரை, கையெட்டும் உயரத்தில் தொங்கும் குலைகள், காலடியில் ஈரமண், வருடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட அறுவடை. டோருவின் கொடி முழங்கால் உயரத்தில் கணுக்கணுவாய்த் திருகி நிற்கிறது. வருடத்துக்கு ஒரே காய்ப்பு. வயதான கொடியென்றால் அதுவும் கொஞ்சம்தான். பழம் சிறியது, தோல் தடித்தது, சாறு குறைவு. சுவையும் நிறமும் அந்தத் தோலில்தான் இருக்கின்றன என்பதால் ஒயினுக்கு அதுவே நல்லது. டோரீகா நாசியோனால், டோரீகா ஃபிராங்கா, டின்டா ரோரிஸ், டின்டா பரோகா, டின்டோ காவ் என்று ரகங்களின் பட்டியல் நீளும். பழைய தோட்டங்களில் இருபது முப்பது ரகங்கள் ஒன்றோடொன்று கலந்து நிற்கும். எது எங்கே நிற்கிறது என்பது அந்தத் தோட்டத்துக் கிழவர்களுக்கு மட்டுமே தெரியும்.

இவ்வளவு பாடுபட்டு எவருக்காக விளைவித்தார்கள்? இங்கிலாந்துக்காக. பிரான்சோடு ஓயாமல் சண்டை நடந்ததால் ஆங்கிலேயருக்குப் பிரெஞ்சு ஒயின் சரியாகக் கிடைக்காமல் போனது. 1703இல் மெத்யூன் ஒப்பந்தம் வந்தது. ஆங்கிலேயக் கம்பளித் துணி போர்ச்சுக்கலுக்குள் வரலாம். பதிலுக்குப் போர்ச்சுக்கல் ஒயினுக்கு இங்கிலாந்தில் பிரெஞ்சு ஒயினைவிட மூன்றில் ஒரு பங்கு வரி குறைவு. போர்ட்டோவிலும் காயாவிலும் ஆங்கிலேய, ஸ்காட்லாந்து வியாபாரிகள் கடை விரித்தார்கள். கிராக்கி ஏறியது, கூடவே கலப்படமும் ஏறியது. நிறத்துக்கு எல்டர் மரத்தின் கறுப்புப் பழத்தைப் பிழிந்து ஊற்றினார்கள். வேறு ஊர்களின் மட்டமான ஒயினைக் கலந்தார்கள். இங்கிலாந்தில் பெயர் கெட்டு விலை சரிந்தபோது, அடி விழுந்தது மலைமேல் இருந்தவர்களுக்கு.

1755இல் லிஸ்பன் நகரத்தைப் பூகம்பம் தரைமட்டமாக்கியது. அதை மீண்டும் கட்டியெழுப்பிய அமைச்சர், பின்னாளில் பொம்பால் பிரபு என்று அறியப்பட்டவர், அடுத்த வருடமே டோரு பக்கம் திரும்பினார். 1756 செப்டம்பரில் ஒயின் வியாபாரத்தைத் தன் கையில் எடுத்துக்கொள்ளும் ஒரு கம்பெனியை அரசின் பெயரால் உண்டாக்கினார். நல்ல ஒயின் விளையும் நிலம் எது என்று எல்லை வகுத்து, மொத்தம் 335 கருங்கல் தூண்களை நட்டார்கள். எல்டர் மரங்களை வேரோடு பிடுங்கச் சொல்லி உத்தரவு வந்தது. ஒரு சிற்றூரின் தெருவோரத்தில் அந்தத் தூண்களில் ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன். ஷிஸ்ட் தேசத்தின் நடுவில் ஒரு கருங்கல். முகத்தில் வருடமும் கம்பெனியின் முத்திரைச் சொல்லும் வெட்டியிருந்தன.

பொம்பாலின் கை இரும்புக் கை. கம்பெனியின் ஏகபோகத்தால் விலை ஏறியதை எதிர்த்து 1757இல் போர்ட்டோவின் சாராயக் கடைக்காரர்களும் ஏழைகளும் கிளர்ந்தபோது பலரைத் தூக்கில் போட்டார். அதை மறந்துவிட்டு அவரைக் கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அவர் நட்ட எல்லைக்கல் நிலைத்துவிட்டது. இத்தாலியின் கியாண்டிக்கு 1716இலும் ஹங்கேரியின் டோக்காய்க்கு 1737இலும் எல்லை வகுத்திருந்தார்கள். இருந்தாலும் எல்லையோடு விதிகளையும், அவற்றைக் காக்க ஒரு அமைப்பையும் சேர்த்து நிறுவியது டோருவில்தான். இந்தப் பொருள் இந்த மண்ணில் விளைந்தால் மட்டுமே இந்தப் பெயர் என்ற அந்த எண்ணம்தான் இன்றைய புவிசார் குறியீடு. 2023இல் கம்பம் பன்னீர் திராட்சைக்கு அந்தக் குறியீடு கிடைத்ததுவரை அது வந்து சேர்ந்திருக்கிறது.

பின்யாவ் நிலையத்தில் இறங்கினேன். சின்ன நிலையம், சுவர்களில் 1937இல் பதித்த 24 ஓட்டு ஓவியங்கள். சாவ் பெந்துவின் ஓடுகளில் அரசர்களும் போர்களும். இங்கே கூடை சுமக்கும் ஆண்கள், குலை நறுக்கும் பெண்கள், நதியில் பீப்பாய் ஏற்றிய ரபேலோ படகுகள். எனக்கு இதுதான் பிடித்தது. பெரிய கூடையை முதுகில் ஏற்றி, அதன் வாரை நெற்றியில் மாட்டிக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராகச் சரிவில் இறங்கும் வரிசை ஒன்று உண்டு. கூடைக்கு ஐம்பது, அறுபது கிலோ. காலடியில் உருளும் ஷிஸ்ட் சில்லு. இந்தப் பள்ளத்தாக்கின் மேட்டு நிலத்துக் கிராமம் ஒன்றில் 1907இல் பிறந்த மிகேல் டோர்கா, பறிப்புக்கு மலையிறங்கி வந்த கூலிகளைப் பற்றி 1945இல் 'விந்திமா' என்று ஒரு நாவல் எழுதினார். தலைப்புக்குத் திராட்சை அறுவடை என்று பொருள். ஓட்டு ஓவியத்தில் புன்னகைப்பவர்களின் உண்மையான சம்பளமும் படுக்கையும் சாப்பாடும் எப்படியிருந்தன என்று அறிய அந்த நாவலைப் படிக்க வேண்டும்.

மாலையில், ஊருக்கு மேலே இருந்த ஒரு தோட்டத்தில் திராட்சை மிதிப்பதைப் பார்க்க அனுமதித்தார்கள். கருங்கல்லால் கட்டிய அகலமான, முழங்காலுக்குச் சற்று மேல் வரும் தொட்டி. அதில் அன்று பறித்த பழம். கால் கழுவிய ஆண்களும் பெண்களும் தோளோடு தோள் கோத்து இரண்டு வரிசையாக நின்றார்கள். ஒருவர் இடது, வலது என்று குரல் கொடுக்க, அடிமேல் அடி வைத்து மெதுவாக முன்னேறினார்கள். முதல் இரண்டு மணி நேரம் பேச்சு கிடையாது, பாட்டு கிடையாது; ராணுவ ஒழுங்கு. அதற்குப் பிறகுதான் அக்கார்டியன் வந்தது. வரிசை கலைந்து தொட்டிக்குள்ளேயே ஆடத் தொடங்கினார்கள். இது சுற்றுலாப் பயணிகளுக்கான வேடிக்கை என்று நினைத்துப் போனவர்கள் நினைப்பை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். கால் தோலை நசுக்கும், விதையை உடைக்காது. விதை உடைந்தால் கசப்பு இறங்கிவிடும். போர்ட்டுக்குச் சாறு இரண்டு மூன்று நாள் மட்டுமே தோலோடு கிடக்கும். அதற்குள் நிறம் முழுவதும் வந்தாக வேண்டும். இப்போது பல தோட்டங்களில் இயந்திரக் கால்கள் மிதிக்கின்றன. சில பெயர்பெற்ற தோட்டங்கள் தங்கள் மிகச் சிறந்த பழத்துக்கு இன்னும் மனிதக் காலையே நம்புகின்றன.

சாறு புளிக்கும்போது ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக மாற்றுகிறது. சர்க்கரை பாதியளவு கரைந்த நேரம் பார்த்து, அதோடு 77 சதவீத ஆல்கஹால் உள்ள திராட்சைச் சாராயத்தைச் சேர்த்துவிடுகிறார்கள். 435 லிட்டர் சாற்றுக்கு 115 லிட்டர் என்பது பழைய கணக்கு. கூட்டினால் 550, டோருவில் ஒரு பைப் என்பது அதுதான். ஈஸ்ட் அந்த நிமிடமே மடிகிறது. மீதிச் சர்க்கரை அப்படியே தங்குகிறது. அதனால்தான் போர்ட் இனிப்பாகவும் 20 சதவீத அளவுக்குக் காரமாகவும் இருக்கிறது. சில வருடம் மட்டும் மரத்தில் கிடந்து, பழத்தின் சிவப்போடு இருப்பது ரூபி. சிறிய பீப்பாய்களில் பத்து, இருபது, நாற்பது வருடம் காற்றோடு பழகி நிறம் வெளுத்து, வாதுமையும் உலர்ந்த அத்தியும் மணக்க வருவது டானி. மிக நல்ல விளைச்சல் வருடத்தில் மட்டும் தனியாக அறிவித்து, இரண்டு மூன்று வருடத்தில் புட்டியில் அடைத்து, அங்கேயே பல பத்தாண்டுகள் முதிரவிடுவது விண்டேஜ். விலையில் உயர்ந்தது விண்டேஜ்தான். எனக்கு நாக்கில் நின்றது இருபது வருட டானி.

மறுநாள் காலை தோட்டத்தின் மேல்கோடி வரை நடந்தேன். பராமரித்த தட்டுகள் முடிந்த இடத்தில் வேறு தட்டுகள் தொடர்ந்தன. சுவர்கள் அங்கங்கே சரிந்து, புதரும் காட்டு ஒலிவமும் மண்டிக் கிடந்தன. இவற்றுக்கு மோர்ட்டோரியோ என்று பெயர், செத்த நிலம். 1860களில் வட அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்த ஃபிலாக்சரா என்ற வேர்ப்பூச்சி முதலில் தென் பிரான்சில் பரவி, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் டோருவுக்கும் வந்துவிட்டது. கண்ணுக்குத் தெரிவதே கடினமான அந்தப் பூச்சி ஐரோப்பாவின் கொடிகளை வேரில் உறிஞ்சிக் கொன்றது. மருந்து எதுவும் பலிக்கவில்லை. பூச்சியைத் தாங்கும் அமெரிக்கக் கொடியின் வேரில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக்கட்டுவதுதான் கடைசியில் கிடைத்த வழி. இன்றும் உலகத்தின் பெரும்பாலான ஒயின் கொடிகள் அந்த அமெரிக்க வேரில்தான் நிற்கின்றன. ஒட்டுக்கட்டி மீண்டும் நடப் பணம் இல்லாதவர்கள் மலையை விட்டுப் போனார்கள், பலர் பிரேசிலுக்கு. அவர்கள் விட்டுப்போன சுவர்களில் கை வைத்துப் பார்த்தேன். நூற்றைம்பது வருடமாக ஆளில்லாமல் நிற்கும் சுவர்களில் பல இன்னும் உறுதியாக இருந்தன.

பின்யாவிலிருந்து மேலும் கிழக்கே போகும் தடம், மலை நெருக்கிப் பிடித்த வலைரா என்ற இடத்தைக் கடக்கிறது. இன்று அணைக்கட்டுகள் நதியைக் குளமாக்கிவிட்டன. 1970களிலும் 80களின் தொடக்கத்திலும் வரிசையாக எழுந்த அணைகளுக்கு முன்னால் இது பாறையும் சுழலுமாகப் பாய்ந்த ஆறு. ரபேலோ படகோட்டிகள் நீண்ட பின்துடுப்பு ஒன்றை மட்டும் நம்பிப் பீப்பாய்களைக் கீழே கொண்டுபோனார்கள். திரும்பும்போது பாய் விரித்தும், காற்றில்லாத இடங்களில் கரையிலிருந்து கயிறு கட்டி இழுத்தும் வந்தார்கள். செத்தவர்களுக்குக் கணக்கில்லை.

வலைராவில் 1861 மே மாதம் ஒரு படகு கவிழ்ந்தது. அதில் இருந்தவர் ஜோசப் ஜேம்ஸ் ஃபாரஸ்டர், ஆங்கிலேய வியாபாரி. டோருவின் முதல் நல்ல வரைபடத்தைத் தன் கையால் வரைந்து பாரன் பட்டம் பெற்றவர். ஒயினில் சாராயம் கலப்பதையும் கலப்படத்தையும் கடைசிவரை எதிர்த்து, சக வியாபாரிகளின் பகையைச் சம்பாதித்தவர். நீரில் போனவரின் உடல் கிடைக்கவேயில்லை. இடுப்பில் கட்டியிருந்த தங்கக் காசு அவரை இழுத்துப் போனது என்றும், அதே படகில் வந்த பெண்மணியின் விரிந்த பாவாடை காற்றைப் பிடித்து அவரை மிதக்கவைத்தது என்றும் இன்றுவரை சொல்கிறார்கள். பிழைத்த அந்தப் பெண்மணி அன்டோனியா ஃபெரைரா.

காயாவின் கூரைப் பெயர்களில் இந்த மலையில் உண்மையாகவே வாழ்ந்தவர் என்று நான் மனதாரச் சொல்லக்கூடிய பெயர் அவருடையது. 1811இல் ரேகுவாவில் பிறந்தவர். 33 வயதில் கணவரை இழந்து தோட்டங்களைக் கையில் எடுத்தார். விலை விழுந்த காலத்தில் சிறு விவசாயிகளின் ஒயினை வாங்கி வைத்தார். பூச்சியால் மற்றவர்கள் நிலத்தை விட்டு ஓடிக்கொண்டிருந்தபோது, 1877இல், ரயிலே வந்திராத கிழக்குக் கோடியில் முன்னூறு ஹெக்டேருக்குத் தரிசை வாங்கி, வால மியாவ் என்ற தோட்டத்தை உருவாக்கத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 66. மலைமக்கள் அவரை ஃபெரைரீன்யா, சின்ன ஃபெரைரா என்று செல்லமாக அழைத்தார்கள். ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டுக்குப் பிறகு, 1952இல், அந்தத் தோட்டத்துத் திராட்சையிலிருந்துதான் சாராயம் சேர்க்காத பார்க்கா வெல்யா என்ற ஒயின் பிறந்தது. டோருவால் போர்ட் மட்டுமல்ல, உலகத்தரமான சாதாரணச் சிவப்பு ஒயினும் தர முடியும் என்று அது காட்டியது. ஃபாரஸ்டர் வாதாடியதும் அதற்காகத்தான்.

ரயில் இப்போது பொசீன்யுவோடு நின்றுவிடுகிறது. அங்கிருந்து ஸ்பெயின் எல்லைக்குப் போன தடத்தை 1988இல் மூடிவிட்டார்கள். பக்கத்தில் கோஆ நதிப் பள்ளத்தாக்கில், இதே ஷிஸ்ட் பாறையின் முகத்தில் இருபதாயிரம் ஆண்டுகளுக்கும் முந்தைய மனிதர்கள் கீறிய குதிரைகளும் காட்டெருதுகளும் இருக்கின்றன. 1990களில் அணைகட்டி மூழ்கடிக்க இருந்தார்கள். மக்கள் போராடித் தடுத்தார்கள். 1998இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியம் என்று அறிவித்தது. மூன்று வருடம் கழித்து, 2001இல், திராட்சைத் தட்டுகளுக்கும் அதே அங்கீகாரம் வந்தது.

அங்கீகாரம் வந்தும் விவசாயியின் கணக்கு நேராகவில்லை. டோருவில் இன்றும் இருபதாயிரத்தை ஒட்டிய எண்ணிக்கையில் விவசாயிகள் இருக்கிறார்கள். பெரும்பாலோரிடம் துண்டு துக்காணி நிலம்தான். ஒவ்வொரு வருடமும் எவ்வளவு சாற்றைப் போர்ட்டாக மாற்றலாம் என்று அரசு அமைப்பு ஒரு அளவு நிர்ணயிக்கிறது. உயரம், சரிவு, கல், கொடியின் வயது எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டுத் தோட்டத்துக்குத் தோட்டம் அதைப் பங்கிடுகிறது. அந்தப் பங்குக்குள் வரும் திராட்சைக்கு ஓரளவு விலை கிடைக்கும். மிச்சத்துக்குச் செலவுகூட ஈடாகாத விலை. உலகம் போர்ட் குடிப்பதைக் குறைத்துக்கொண்டே வருவதால் அந்தப் பங்கும் சுருங்குகிறது. என்னோடு பேசிய ஒரு விவசாயி, தன் தாத்தா நட்ட கொடிகளைக் காட்டி, "இதைப் பறிக்கக் கூலி கொடுத்தால் எனக்கு நட்டம். பறிக்காமல் விட்டால் தூக்கம் வராது" என்றார். காயாவின் கிடங்குகளில் சுற்றிக்காட்டும் அழகான பெண்கள் எவரும் இதைச் சொல்வதில்லை. சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

பறிப்பவர்களும் மாறிவிட்டார்கள். பூச்சி தின்ற காலத்திலும் அதற்கு முன்னும் சுவர் கட்டியவர்களில் பெரும் பங்கு எல்லைக்கு அப்பால் ஸ்பெயினின் கலீசியாவிலிருந்து கூலிக்கு வந்தவர்கள். பிறகு மேட்டு நிலக் கிராமங்களிலிருந்து குழு குழுவாகக் குடும்பங்கள் இறங்கி வந்தன. அந்தக் கிராமங்கள் இன்று முதியவர்களோடு நிற்கின்றன. நான் நடந்த தோட்டங்களில் கொடிகளுக்கு நடுவே கேட்டது பஞ்சாபியும் நேபாளியும் வங்காளமும். ஒரு தட்டில் நிழலே இல்லாமல் குனிந்து குலை நறுக்கிக்கொண்டிருந்த ஒரு பஞ்சாபி இளைஞரிடம் என் அரைகுறை இந்தியில் பேசினேன். விதர்பாவா, நாசிக்கா என்று ஊர் கேட்டார். தமிழ்நாடு என்றதும், "அங்கேயும் திராட்சை உண்டா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் அடுத்த கொடிக்கு நகர்ந்தார். பெட்டிக்கணக்கில் கூலி இல்லை, நாள்கூலிதான். ஆனாலும் மேஸ்திரி பார்த்துக்கொண்டிருந்தார்.

சுவர் கட்டுபவர் ஒருவரைப் பார்க்காமல் திரும்பக் கூடாது என்று நினைத்திருந்தேன். தங்கிய வீட்டுக்காரம்மா தனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவரிடம் அழைத்துப் போனார், மொழிபெயர்த்தவரும் அவரே. முந்தைய குளிர்கால மழையில் சரிந்த சுவர் ஒன்றைப் பெரியவர் எடுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். பழைய கல்லையே திரும்ப அடுக்க வேண்டும். கல்லின் நீளவாக்கு மலைக்குள் போக வேண்டும். முகம் அழகாக இருக்கிறது என்று குறுக்கே வைத்தால் மூன்றே மழையில் வெளியே தள்ளிவிடும். சுவர் மலைப்பக்கம் லேசாகச் சாய்ந்து நிற்க வேண்டும். பின்னால் நிரப்பும் சில்லில் மண் கலக்கக் கூடாது. "இயந்திரம் கொண்டுவந்தால் சுவரில்லாத மண்மேடுகளாக மலையை இரண்டு நாளில் வெட்டிவிடலாம், பக்கத்து மலையில் அப்படித்தான் செய்தார்கள். நான் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மீட்டர்தான் கட்டுவேன். எனக்குக் கொடுக்கும் கூலியைப் பார்த்து முதலாளிமார் யோசிக்கிறார்கள்" என்றார். பாரம்பரிய எல்லைக்குள் இருக்கும் பழைய சுவர்களை இடிக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. ஆனால் கட்டத் தெரிந்தவர்கள் இவர் வயதில்தான் இருக்கிறார்கள்.

அவருடைய பிள்ளைகள் லக்சம்பர்க்கில். அன்று அவருக்குக் கல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது ஒரு நேபாள இளைஞன். அவனிடம் பேச்சுக் கொடுத்தேன். கோர்க்கா பக்கத்து மலைக்கிராமம் அவனுடையது. வந்த முதல் மாதம் பறிப்பு வேலை; பிறகு பெரியவர்தான் தனக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டாராம். எப்படி இவ்வளவு சீக்கிரம் கற்றுக்கொண்டாய் என்று கேட்டதற்கு, புதிதாக ஒன்றும் கற்கவில்லை என்றான். அவன் ஊரிலும் கோதோ என்ற கேழ்வரகும் சோளமும் இப்படித் தட்டுகளில்தான் விளைகின்றன. மழைக்காலம் முடிந்ததும் சரிந்த சுவரை அப்பாவோடு சேர்ந்து எடுத்துக் கட்டுவது பள்ளி நாட்களிலேயே பழக்கம். "கல்தான் வேற, இங்க பலகையா இருக்கு. உக்கார வைக்கிறது சுலபம்" என்று சொல்லி, அடுக்கியிருந்த ஒரு கல்லை அசைத்துப் பார்த்தான். ஆடியது. எடுத்துத் திருப்பி நீளவாக்கில் உள்ளே தள்ளி, அடியில் ஒரு சில்லைச் செருகினான். பெரியவர் திரும்பிப் பார்த்துத் தலையசைத்துவிட்டு வீட்டுக்காரம்மாவிடம் ஏதோ சொன்னார். அக்டோபர் மழைக்குள் இன்னும் நாற்பது மீட்டர் முடிக்க வேண்டும், இவனைப்போல் இன்னொருவன் கிடைத்தால் முடித்துவிடலாம் என்று சொன்னாராம்.